குதிகால் வலிக்கு மந்திரக்கோல் உண்டா?

மாணவ நண்பர்களே! திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறோம், பலரும் வெறுங்காலுடன். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும், "அம்மாடி!" என்று குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பெரியவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களை நோக்கி உள்ளங்காலில் தடித்த நார்ப்பட்டை ஒன்று செல்கிறது. வில்லுக்கு நாண் போல, பாதத்தின் வளைவை அது தாங்குகிறது. பளு மிகுந்தால், எலும்போடு சேரும் இடத்தில் அது நைந்து வலிக்கிறது.

"இதற்கு ஷாக்வேவ் சிகிச்சை இருக்கிறதாமே, கரண்ட் வைப்பார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. உடலுக்குள் மின்சாரம் பாய்வதில்லை. திருவிழாவில் பெரிய மேளத்தின் அருகே நின்றால் நெஞ்சு அதிர்கிறதல்லவா? அது காற்றழுத்தத்தின் வேலை. அதைவிடப் பன்மடங்கு வலிய, மிகக் குறுகிய அழுத்தத் துடிப்புகளைக் கருவி தோலின் வழியே செலுத்துகிறது. ஆகவே 'அதிர்ச்சி அலை' என்று மிரட்டாமல் 'அதிர்வலை' என்றே சொல்லலாமே!

1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், சிறுநீரகக் கல்லை அறுவையின்றி உடைக்க இம்முறை முதன்முதலில் நோயாளிக்குப் பயன்பட்டது. நாட்பட்ட குதிகால் வலிக்கு 2000இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. இங்கே எதையும் உடைப்பது நோக்கமன்று. நைந்த திசுவைத் தூண்டி, உடல் தன்னைத் தானே சீர்செய்துகொள்ள வைப்பதே நோக்கம்.

எதை எதிர்பார்க்கலாம்? பொதுவாக வாரம் ஒருமுறை, மூன்று முதல் ஐந்து முறை; ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள், ஏறத்தாழ 2000 துடிப்புகள். அப்போது வலிக்கும், பிறகு தோல் சிவக்கலாம், கன்றிப் போகலாம். மறுநாளே குணம் தெரியாது. வாரங்கள், சிலருக்கு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். பலன் கிடைக்காதவர்களும் உண்டு. ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை.

எனவே என் கருத்து இதுதான்: கருவியை வெறுக்கவும் வேண்டாம், அதன் காலில் விழவும் வேண்டாம். நார்ப்பட்டை வலி பெரும்பாலோருக்குத் தசைநீட்சிப் பயிற்சி, மெத்தென்ற காலணி, பளுக் குறைப்பு ஆகியவற்றாலேயே சில மாதங்களில் தணிந்துவிடும். அவை பலிக்காதபோதுதான் கருவியின் முறை. அப்போதும் பயிற்சியை விடக்கூடாது. "ஒரே தடவையில் குணம்" என்று எவரேனும் விளம்பரம் செய்தால், பணம் கட்டுமுன் கேள்வி கேளுங்கள்.

உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடவில்லை. அவற்றின் மேல் அதிர்வலை கூடாது. கர்ப்பிணிகளுக்கும், இரத்தம் உறையாக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது ஏற்றதன்று.

இன்று மாலை உங்கள் பாட்டியைச் சுவரில் கை ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல், முன்காலை மடக்கி முப்பது விநாடி நிற்கட்டும், மூன்று முறை. காசில்லாத இந்த வைத்தியத்தைச் செய்து பார்த்த பிறகு, மற்றதை மருத்துவரிடம் கேட்கலாம்.