கோப்பி இலையிற் படிந்த பாடம்

பாடங்களுக்கிடையே சுவரெழுப்பிக் கற்பிப்பது நம் பள்ளிகளின் பழைய வழக்கம். உலகமோ அவ்வாறு பிரிந்து இயங்குவதில்லை.

கண்டி மாணவர்க்கு இதனை உணர்த்த நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1869இல் இலங்கைக் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துருநோய் கண்டது. 1880இல் அதனை ஆராய வந்தவர் மார்ஷல் வார்ட். நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு. மலைமுழுதும் ஒரே பயிரை நெருக்கி நட்டமை அது பரவ வழிசெய்தது. கோப்பி வீழ்ந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்திற் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. கோப்பிக் காலத்திற் பருவந்தோறும் வந்து மீண்ட தமிழகத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலையால் மலையிலேயே தங்கினர். அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. அந்நோயோ 1970இல் பிரேசிலையும் எட்டிற்று.

இதில் விஞ்ஞானம் எங்கே முடிகிறது? வரலாறு எங்கே தொடங்குகிறது? மூன்று பாட ஆசிரியர் கூடி, பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒரு நாளும், தோட்டத்து முதியோர் வாய்ப்பாடல்களைக் கேட்டெழுதுவதில் ஒரு நாளும் செலவிட்டால் இப்பாடம் உயிர்பெறும்.

பரீட்சைக்குக் காலம் போதாதென்பார் உளர். யாமும் பல்லாண்டு அவ்வாறே சொல்லிவந்தோம். தம் பாட்டன் மலையேறிய காரணத்தை அறியாமலே எம் வகுப்பினின்று வெளியேறிய பிள்ளைகளை எண்ணுங்கால் இன்று நாணுகிறோம்.