கம்பி அறுந்தாலும் மணி அடிக்க வேண்டும்!

திருடன் வந்தால் மணி அடிக்கும் கருவி என்று சொன்னதுமே, "அது பங்களாக்காரர் கவலை, தொழிலாளிக்கு எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. பணக்காரன் வீட்டில் பத்துப் பவுன் போனால் அது அவனுக்குக் கணக்கில் ஒரு வரி. இரவு ஷிப்டுக்குப் போன ஆலைத் தொழிலாளி வீட்டில் இரண்டு பவுன் போனால், அது அவன் மகளின் திருமணம். அவன் பல ஆண்டு ஓவர்டைம்.

பொருளோடு போவதும் இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தார் மூவர் கொல்லப்பட்டார்கள். 2025-இல் சிவகிரி அருகே தோட்டத்தில் தனித்திருந்த வயதான கணவனும் மனைவியும் கொல்லப்பட்டார்கள். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இது ஆடம்பரப் பேச்சா? உயிர்ப் பேச்சு!

இந்த அச்சத்தை வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பே சுவருக்குள் கம்பி இழுத்து, கதவுக்குக் காந்த சுவிட்சு வைத்து, மணி மாட்டிய வீடுகள் கோவை வட்டாரத்தில் உண்டு. அங்கே போய், "கம்பி பழையது, எல்லாவற்றையும் பிடுங்கி எறியுங்கள், கம்பியில்லாக் கருவி வாங்குங்கள், மாதாமாதம் சந்தா கட்டுங்கள்" என்கிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம் என்பது இதுதான்.

போத்தனூர்க்காரரிடமா இந்தக் கதை? 1862-லேயே ரயில் கண்ட ஊர் இது. தென்னக ரயில்வேயின் சிக்னல் தொழிற்சாலை இருக்கும் ஊர் இது. கம்பியையும் ரிலேயையும் நம்பி ஆயிரமாயிரம் உயிர்கள் அன்றாடம் பயணம் செய்கின்றன என்பதை அந்தத் தொழிலாளி அறிவான்.

அவன் அறிந்த தத்துவம் என்ன? 1853-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின்சாரம் ஓடும், மணி அடிக்கும். நல்லதுதான், ஆனால் கம்பியே அறுந்துவிட்டால்? மணி ஊமை! 1872-இல் வில்லியம் ராபின்சன் என்பவர் ரயில் பாதைக்கு இதைத் தலைகீழாக அமைத்தார். தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது ரிலேயைப் பிடித்து நிறுத்தியிருக்கும். வண்டி வந்தால் ரிலே விழும். பேட்டரி செத்தாலும் விழும். தண்டவாளம் முறிந்து மின்சாரம் நின்றாலும் விழும். விழுந்தால் சிவப்பு! பழுது வந்தால் ஆபத்து என்று சொல்லவேண்டுமே தவிர, "எல்லாம் நலம்" என்று பொய் சொல்லக்கூடாது. இதுதான் சிக்னல்காரன் கண்ட நீதி. வீட்டு மணிக்கும் இதுவே நீதி.

ஆகவே, புதுப்பிக்க விரும்பும் தோழர்கள் முதலில் கம்பியை வெட்டாதீர்கள், சோதியுங்கள். எலி கடிக்காத, ஈரம் ஏறாத செப்புக் கம்பி எளிதில் கெடுவதில்லை. கெடுவது அதன் இரு முனைகளில் இருப்பவையே. கதவு சுவிட்சைத் தனித்தனியே மீட்டர் வைத்துப் பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். சில ஆண்டுகளில் அது சத்திழந்துவிடும். மின்வெட்டு வருகிற இரவில்தான் அந்தக் குட்டு வெளிப்படும். பழைய பலகை வலுவற்றதென்றால் பலகையை மட்டும் மாற்றுங்கள்.

மிக முக்கியமானது ஒன்று உண்டு. கம்பியை அறுத்தால் மணி அடிக்கும். ஆனால் இரண்டு கம்பியையும் தோலுரித்து ஒன்றாக முறுக்கிவிட்டால்? கதவைத் திறந்தாலும் பலகைக்குத் தெரியாது. இதற்காகவே கம்பியின் கடைசி முனையில், கதவோரத்தில், ஒரு சிறு மின்தடையை வைக்கிறார்கள். அறுத்தால் அளவு ஏறும். முறுக்கினால் அளவு இறங்கும். இரண்டையும் பலகை கண்டுகொள்ளும். சோம்பேறித்தனத்தால் அதைப் பலகைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது காவல்காரனைத் தெருக்கோடியில் நிறுத்தாமல் படுக்கையறையில் தூங்க வைத்ததற்குச் சமம். கூலி கொடுக்குமுன் அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்!

பழைய கருவிகள் வீட்டுத் தொலைபேசி வழியாகச் சேதி சொன்னவை. அந்தக் கம்பி வெளிச்சுவரில் தொங்குகிறது. ஒரு கத்தரி போதும். அங்கே சிம் கார்டுக் கருவியைச் சேர்ப்பது நியாயமான மாற்றம். நான்காம் தலைமுறை அலைவரிசையில் இயங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். கம்பி போக முடியாத மாட்டுக்கொட்டகைக்கும் மோட்டார் அறைக்கும் கம்பியில்லாக் கருவி வைக்கலாம், தவறில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பேட்டரி உண்டு, அதன் பேச்சை வேறு அலையால் அடக்க முடியும் என்பதை மறவாதீர்கள். காமிரா மட்டும் போதும் என்கிறார்கள். வெறும் காமிரா திருடனைப் படம் பிடிக்கும், தூங்குகிறவனை எழுப்பாது.

இவ்வளவும் செய்தாயிற்று. மணி அடிக்கிறது. யார் ஓடி வருவது? இதுதான் கேள்வி! பூனை ஓடினாலும் அலறுகிற மணியைத் தெரு மதிக்காது. வாரம் ஒரு நாள் சோதித்து, பொய்க் கூச்சலை நீக்க வேண்டும். அண்டை வீட்டாரின் எண்கள் அந்தக் கருவியில் இருக்க வேண்டும். கிளைத் தோழர்கள் தெருவுக்கு நால்வர் என்று பேசி வைத்து, தனித்திருக்கும் முதியோர் வீடுகளைக் கணக்கெடுக்க வேண்டும். தொழில் தெரிந்த தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒருமணி நேரம் மீட்டரோடு போய்ப் பார்த்துத் தரலாமே!

ஆனால் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லுகிறோம். மணி வாங்கினோம் என்பதற்காக அரசாங்கம் கைகழுவ முடியாது. குடிமகன் மணியைக் கட்டலாம். இரவு ரோந்து நடத்துவதும், 100-க்கும் 112-க்கும் அழைத்தால் விரைந்து வருவதும் காவல்துறையின் கடமை. கடைவீதிக்கு ஒரு ரோந்து, தோட்டத்துப் பாதைக்கு ஒன்றுமில்லை என்ற நிலையை ஏற்கமாட்டோம். பாதுகாப்பு என்பது பணம் உள்ளவன் வாங்கும் சரக்கு அல்ல. வரி கட்டுகிற ஒவ்வொருவனின் உரிமை!

தோழர்களே! பழைய கம்பியைக் காப்பாற்றுங்கள். கெட்ட முனைகளை மாற்றுங்கள். தெருவை ஒன்று சேருங்கள். அரசாங்கத்தைக் கடமைக்கு இழுங்கள். நமக்குள் இருக்கும் தொடர்பும் அப்படியே இருக்கட்டும்: எங்கே அறுந்தாலும், உடனே எல்லோருக்கும் கேட்கட்டும்!