ஒரு ரூபாய் உறையும் உலக வாணிபமும்

வடநாட்டிலுள்ள நம் விடுதியின் எதிர்க்கடையிலும் ஷாம்பு பாக்கெட்டுகள் தோரணம் போலத் தொங்கக் காண்கிறோம். சிறு பாக்கெட்டில் ஷாம்பு அடைத்து விற்கும் முறைக்கு இந்நாட்டில் வழிகாட்டியவர்களுள் ஒருவர் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன். ஏழைக்கும் எட்டும் விலையில் ஒரு பொருளைத் தந்த அம்முறையைப் பழிக்க என் மனம் இடந்தரவில்லை. ஆனால் அவ்வுறையின் உடலமைப்பை ரசாயனம் பயில்பவன் என்ற முறையில் சற்றே சொல்ல வேண்டும்.

பார்வைக்கு அது ஒரே தாள். உண்மையிலோ பல பிலிம்களின் கூட்டு! வெளியே அச்சேறும் பாலியெஸ்டர். சிலவற்றில் இடையே அலுமினியம். உள்ளே சூடுபட்டால் ஒட்டிக்கொள்ளும் பாலிதீன். பாலியெஸ்டர் உருக 250 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் வேண்டும். பாலிதீனோ 110 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். சேர்த்து உருக்கினாலும் இரண்டும் கலவா. பிரித்தெடுக்க வழியுண்டு, பிரிக்கும் செலவுக்குக் கிடைக்கும் பொருள் ஈடாகாது. அதனாலன்றோ, காலிப் புட்டியைக் குனிந்து எடுக்கும் குப்பை பொறுக்குவோர் இவ்வுறையைத் தாண்டிச் செல்கின்றனர்!

புதிய பிலிமுக்கோ எத்தனை காவல்! சர்க்கார் சலுகை பெற்று மலிவாக வருகிறதென்று கூறி, இந்தியப் பாலியெஸ்டர் பிலிமுக்கு ஐரோப்பிய யூனியன் 1999-இல் தனி வரி விதித்தது. 2002-இல் அமெரிக்காவும் விதித்தது. கிழிந்தபின் அதே சரக்குக்கு உரியவர் எவருமில்லை. செல்வ நாடுகள் தம் பிளாஸ்டிக் குப்பையை நெடுங்காலம் சீனாவுக்குக் கப்பலேற்றின. 2018 தொடக்கத்தில் சீனா கதவடைத்ததும், அது மலேசியாவிலும் வியத்நாமிலும் தாய்லாந்திலும் போய்க் குவிந்தது. பெறும் நாட்டின் இசைவின்றிக் கலப்புப் பிளாஸ்டிக் குப்பையை அனுப்பலாகாதென்ற பேசல் உடன்படிக்கைத் திருத்தம் 2021-இல்தான் அமலுக்கு வந்தது.

கடல் தாண்டும் குப்பைக்கு இவ்வளவு நியாயமாவது உண்டு. உள்ளூர்க் குப்பைக்கு? மறுசுழற்சிக்கு உதவாத பல்லடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டாண்டில் ஒழிக்க வேண்டுமென்று நமது 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2018-இல் அவ்வாசகத்தோடு 'ஆற்றல் மீட்க இயலாத', 'மாற்று உபயோகமற்ற' என்ற சொற்களும் சேர்ந்தன. சிமெண்டுச் சூளையில் இட்டால் எரியாத உறை எது, ஐயா? சொல் கூடிற்று, விதி இளைத்தது. 2022 ஜூலையில் தடையான பொருள்களிலும் ஷாம்பு பாக்கெட் இல்லை. உற்பத்தியாளரே உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு அவ்வாண்டில் இறுகியது உண்மையே. மறுசுழற்சிக்கு ஆகாததைச் சூளைக்கு அனுப்ப அதிலும் இடமுண்டு.

முழுத் தடை வேண்டுமென நான் கூறவில்லை. அம்மா அனுப்பும் முறுக்கு நமுக்காமல் வந்து சேர்வதும் இத்தகைய உறையால்தான்! ஒரே இனப் பிளாஸ்டிக்கால் ஆன உறைகள் இன்று சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு வரி வேண்டா. பிரிக்கவொண்ணாக் கூட்டு உறைக்கு, ஆலை வாயிலிலேயே வரி விதிக்கட்டும். துறைமுகத்தில் பிலிமின் இனம் பார்த்து வரி போட முடியுமானால், ஆலை வாயிலில் ஏன் முடியாது?

அவ்வரியையும் முடிவில் ஒரு ரூபாய் கொடுத்து வாங்கும் ஏழையே சுமப்பான் என்கிறார், பொருளாதாரம் பயிலும் என் அறைத்தோழர். வரிப் பணத்தை உறை மாற்றும் ஆலைகளுக்கே ஊக்கத்தொகையாகத் தந்தால் விலை ஏறாது என்பது என் பதில். அவர் இன்னும் இசையவில்லை.