மெதுவாகப் போவது குற்றமா?

போன வாரம் காலை நடையின்போது ஒரு பேச்சு வந்தது. எங்கள் வட்டத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து நடப்போம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். அன்றைக்கு நண்பர் ஒருவரின் மாப்பிள்ளையும் எங்களோடு நடந்தார். முந்தின நாள் இரவுதான் சென்னையிலிருந்து காரில் வந்திருந்தார். பண்ருட்டி தாண்டி வரும்போது மயிரிழையில் உயிர் தப்பியதாகச் சொன்னார். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றை முந்தப் போயிருக்கிறார், எதிரே பேருந்து வந்துவிட்டது. எப்படியோ ஒடித்து உள்ளே நுழைந்துவிட்டார்.

எல்லோரும் "நல்ல வேளை, கடவுள் காப்பாற்றினார்" என்றோம். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. "இந்த மாதிரி மெதுவா போற வண்டிங்களை மெயின் ரோட்டுல விடவே கூடாது சார். டிராக்டர், சைக்கிள், வயசானவங்க ஓட்டுற டி.வி.எஸ். 50 எல்லாம்தான் விபத்துக்கே காரணம்" என்றார்.

நான் டி.வி.எஸ். 50 ஓட்டுகிற வயசானவன். அவருக்கு அது தெரியாது. வீட்டு விருந்தாளியிடம் நடுரோட்டில் வாதாட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அவர் ஒருவர் சொன்னதாக இருந்தால் மறந்திருப்பேன். இப்போது நிறையப் பேர் இப்படித்தான் பேசுகிறார்கள்.

மெதுவாகப் போகிறவன் குற்றவாளி இல்லை. முந்துவது யாருக்கும் பிறப்புரிமையும் இல்லை. முந்தும்போது நடக்கிற எதற்கும் முதல் பொறுப்பு முந்துகிறவருடையது. இதை நானாகச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஃபைல்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். விதி என்று ஒன்று இருந்தால் எடுத்துப் படித்துவிட்டுத்தான் பேசுவேன்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 1989-இல் சாலை விதிகள் வந்தன. 2017-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள் வந்தன. முந்துவதைப் பற்றிய சாரம் மாறவில்லை. வலப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். வளைவிலும் மேட்டிலும் முன்னால் பாதை தெரியாத இடத்திலும் முந்தக் கூடாது. பின்னால் வருகிறவர் உங்களை முந்தத் தொடங்கிவிட்டால் நீங்கள் விலகக் கூடாது. மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும் என்றால் முந்தவே கூடாது. இந்தக் 'கூடாது' எல்லாம் யாருக்கு? முந்துகிறவருக்கு. மெதுவாகப் போகிறவருக்கும் கடமை உண்டு. இடது பக்கமாகப் போக வேண்டும், ஒருவர் முந்த ஆரம்பித்த பிறகு வேகத்தைக் கூட்டி மறிக்கக் கூடாது. 2019 திருத்தத்தில், சட்டத்துக்குப் புறம்பாக முந்துவதை 184-ஆவது பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்த்துவிட்டார்கள். முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"மைசூர் ரோட்டில் டிராக்டருக்குத் தடை போட்டிருக்கிறார்களே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பெங்களூரு – மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்டிலிருந்து இரு சக்கர வண்டி, ஆட்டோ, டிராக்டர் எதுவும் பிரதான பாதையில் போக முடியாது. ஆனால் அங்கே அவர்களுக்கென்று பக்கத்திலேயே சர்வீஸ் ரோடு இருக்கிறது. நம் விவசாயிக்கு எங்கே இருக்கிறது? கரும்பை ஆலைக்கும், பலாப்பழத்தைப் பண்ருட்டி மண்டிக்கும் அவன் வானத்திலா கொண்டுபோவான்? தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்க நடந்து போகிறவர்கள் எந்தப் பாதையில் நடப்பார்கள்? இந்தச் சாலை காருக்கு முன்பே அவர்களுடையது.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். முன்னால் ஒரு லாரி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பின்னால் ஒரு பேருந்து 60-இல் வருகிறது. வித்தியாசம் 20, அதாவது வினாடிக்கு ஐந்தரை மீட்டர். லாரிக்கு 20 மீட்டர் பின்னால் விலகி, அதைத் தாண்டி 20 மீட்டர் முன்னால் போய்ச் சேர வேண்டும். லாரி 10 மீட்டர், பேருந்து 12 மீட்டர். ஆக 62 மீட்டர். இதற்கு 11 வினாடி ஆகும். அந்த 11 வினாடியில் பேருந்து 180 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். எதிரே 80-இல் ஒரு கார் வந்தால் அது 240 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். இரண்டையும் கூட்டுங்கள். எதிரே 400 மீட்டருக்கு மேல் பாதை காலியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் விலக வேண்டும். இரவில், எதிர் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது, 400 மீட்டரை யார் அளந்து பார்க்கிறார்கள்?

சரி, முந்தாமல் இருந்தால் என்ன நஷ்டம்? அந்த லாரிக்குப் பின்னாலேயே 2 கிலோமீட்டர் போனால் 3 நிமிஷம். 60-இல் போனால் 2 நிமிஷம். நஷ்டம் ஒரே ஒரு நிமிஷம். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் செல்போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பேருந்துக்கு முன்னால் தலையை நீட்டுகிறார்கள். 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான், 64,105. இந்த முதலிடத்தில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

குற்றம் ஓட்டுகிறவர்களிடம் மட்டும் இல்லை. லைசென்ஸ் வாங்கப் போனால் எட்டு போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். காலை ஊன்றாமல் எட்டு போட்டால் பாஸ். வாழ்நாளில் அதற்குப் பிறகு யாராவது ரோட்டில் எட்டு போட்டிருக்கிறோமா? தினமும் பத்து தடவை செய்கிற வேலை முந்துவது. அதை ஓட்டிக் காட்டச் சொல்லி யாரும் சோதித்ததாக எனக்குத் தெரிந்த ஒருவரும் சொன்னதில்லை. மகன் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். அப்பா தனியார் பேருந்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்.

இன்னொன்று இந்த இண்டிகேட்டர் விவகாரம். பழைய விதியில், பின்னால் வருகிறவருக்கு வழி கொடுக்க விரும்பும் ஓட்டுநர் வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக ஆட்ட வேண்டும் என்று இருந்தது. அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் கையை ஆட்டி "போ, போ" என்று சொன்னது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது பலர் கையை வெளியே விடுவதில்லை. வலது இண்டிகேட்டரைப் போடுகிறார்கள். ஒருவர் அதை "நீ முந்து" என்று போடுகிறார், இன்னொருவர் "நான் வலது பக்கம் திரும்பப் போகிறேன்" என்று போடுகிறார். ஒரே விளக்குக்கு இரண்டு அர்த்தம்! தவறாகப் புரிந்துகொண்டவன் லாரியின் நடுவில் போய்ச் சொருகுகிறான். இதை நிறுத்தச் சொல்லி லாரி உரிமையாளர்களும் போலீஸாரும் ஊர் ஊராகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அந்த மொழியில் முந்துவதற்கு 'தெபாஸே' என்று ஒரு சொல். அதற்கே எல்லை மீறுதல் என்றும் பொருள் உண்டு. அந்த நாட்டுச் சட்டத்தில், சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1 மீட்டரும் ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்று அளந்தே எழுதிவைத்திருக்கிறார்கள். இங்கே என் முழங்கையை உரசிக்கொண்டு போகிறவர்கள், உரசவில்லையே என்று சந்தோஷப்படுகிறார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் சுரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நடைக் கூட்டத்தில் சுரங்கத்தில் முப்பது வருஷம் இருந்த நண்பர் உண்டு. "உள்ள இருக்கற வரைக்கும், பெரிய வண்டிக்காரன் நம்மளப் பார்த்துட்டான்னு தெரியாம ஒருத்தனும் பக்கத்துல கூடப் போக மாட்டான் சார். கேட்டைத் தாண்டி வெளிய வந்ததும் அதே ஆளு ஆர்ச் கேட்டுல பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல பைக்கை விடறான்" என்பார். விதி தெரியாதவர்கள் இல்லை இவர்கள். உள்ளே மீறினால் வேலை போகும், வெளியே மீறினால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தவர்கள்.

மெதுவாகப் போகிறவர்கள் பக்கம் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. பின்விளக்கு இல்லாமல், கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்க, இரவில் போகிற டிராக்டர் ஒரு நடமாடும் சுவர். சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டாத டிரெய்லரை ஆலை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். நான்கு வழிச் சாலையில் வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகிற லாரிகளும் குற்றவாளிகளே. அவர்களால்தான் மற்றவர்கள் இடது பக்கம் புகுந்து முந்துகிறார்கள். விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலை அகலமாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். இருவழியில் பொறுமை இல்லாதவனுக்கு நான்கு வழியில் மட்டும் வந்துவிடுமா?

இவ்வளவு உபதேசம் செய்கிறவன் யோக்கியனா என்று கேட்பீர்கள். இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1986-ஆம் வருஷம். என் மாமனார் வீடு நெய்வேலியில். விடுமுறைக்கு ஸ்கூட்டரில் வந்திருந்தோம். ஒரு நாள் நானும் மனைவியும் வடலூருக்கு மாட்னி ஷோ பார்க்கக் கிளம்பினோம். நேரமாகிவிட்டது. முதல் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிற ஒருவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். எதிரே பேருந்து வருவது தெரிந்தும் முந்தினேன். இடம் போதவில்லை, இடது பக்கம் ஒடித்தேன். அவர் சைக்கிளோடு மண்ணில் சரிந்தார். காலி டிபன் கேரியர் திறந்துகொண்டு உருண்டது.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். முட்டியில் ரத்தம். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "என்ன சார், ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். இவ்வளவு அவசரமாகப் போகிறவனுக்கு வேறு காரணம் இருக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப போங்க சார், எனக்கு ஒண்ணுமில்ல. அம்மாவைப் பாருங்க" என்று அவரே எழுந்து கேரியரைப் பொறுக்கிக்கொண்டார்.

தியேட்டரில் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. படம் என்ன என்பதுகூட மறந்துவிட்டது. அந்தக் கேள்வி மறக்கவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது எனக்குப் பின்னால் ஹாரன் அலறும்போதெல்லாம் அவர்தான் நினைவுக்கு வருகிறார். நானும் ஓரமாக ஒதுங்குகிறேன். உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருக்கலாம், அவர்களுக்கு வழிவிடுவது என் கடமை. மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முந்துவதற்கு முன்னால் இந்தக் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பேரன் பேத்தி வண்டிச் சாவியை எடுக்கும்போது அவர்களிடமும் சொல்லி அனுப்புங்கள்.

மாப்பிள்ளை, இதை நீங்களும் படிக்க நேர்ந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த தடவை வரும்போது டிராக்டருக்குப் பின்னாலேயே ஒரு நிமிஷம் சேர்த்து வாருங்கள். உங்கள் மாமனார் காபியைச் சூடு பண்ணிக் கொடுப்பார்.