பண்டிகைக் கவிதையைக் கேட்டு வாங்குங்கள்

கிறிஸ்துமஸ் நாளன்று பத்திரிகையில் வரும் சிறப்புப் பக்கம் எப்படித் தயாராகிறது என்பது வாசகர்களுக்குத் தெரிய நியாயமில்லை. இணைப்பிதழ்ப் பிரிவில் வருடக்கணக்கில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில் விளம்பரங்கள் இடம் பிடிக்கும். அடுத்து ஆயர்களும் அரசியல் தலைவர்களும் அனுப்பிய வாழ்த்துச் செய்திகள். பிறகு ஒரு பழைய தேவாலயத்தின் வரலாறு, ஒரு பிளம் கேக் செய்முறை. எல்லாவற்றையும் அடுக்கி முடித்தால் கீழ் மூலையில் கொஞ்சம் வெள்ளை தெரியும். “ஒரு கவிதை போட்டு அடைச்சிரலாமா சார்?” என்று லே-அவுட் தம்பி கேட்பார். நம் பண்டிகைக் கவிதைகளில் பெரும்பாலானவை அச்சேறுவது இப்படித்தான்.

அடைக்கிற கவிதைக்குப் பஞ்சமே இருக்காது. நவம்பர் கடைசியிலிருந்தே தபாலில் வந்து குவியும். மாட்டுத்தொழுவம், விடிவெள்ளி, கந்தல் துணி, பாலகன் என்று எல்லாம் ஒரே வரிசையில் வரும். எழுதியவர்கள் அன்போடு எழுதியவர்கள், அவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. என் வருத்தம் நல்ல கவிஞர்கள் மீது. பண்டிகைக்கு எழுதுவதை அவர்கள் மட்டமாக நினைக்கிறார்கள். ஆசிரியர் கேட்டு, தேதி குறித்து, பக்க அளவு சொல்லி எழுதுவதெல்லாம் கவிதையா என்று முகம் சுளிக்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களில் இந்த முகச்சுளிப்பு ஒரு தகுதிச் சான்றிதழாகவே ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில் கிறிஸ்துமஸ் என்றதும் எல்லோரும் சொல்லும் கவிதைகள் எங்கே முதலில் வந்தன என்று பார்த்தால் இந்தச் சுளிப்பு நிற்காது. நியூயார்க் மாநிலத்தில் டிராய் என்றொரு ஊர். அங்கே ‘டிராய் சென்டினல்’ என்ற உள்ளூர்ப் பத்திரிகை. 1823 டிசம்பர் 23 அன்று அதில் பெயர் இல்லாமல் ஒரு கவிதை வந்தது. எட்டுக் கலைமான்கள் இழுக்கும் பனிவண்டி, புகைபோக்கி வழியாக இறங்கி வரும் குண்டு மனிதர், முதுகில் பொம்மை மூட்டை. இன்றைக்கு நம் ஊர் ஜவுளிக்கடை வாசலில் மணியாட்டிக்கொண்டு நிற்கிறாரே கிறிஸ்துமஸ் தாத்தா, அவருடைய ஜாதகத்தில் பெரும்பகுதி அந்தப் பத்திரிகையில்தான் கணிக்கப்பட்டது. எழுதியவர் கிளெமென்ட் மூர் என்ற இறையியல் பேராசிரியர், எபிரேய அகராதி தொகுத்தவர். அந்தக் கவிதையைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொள்ள அவருக்கு 1844 ஆனது. இல்லை, எழுதியவர் எங்கள் தாத்தா ஹென்றி லிவிங்ஸ்டன்தான் என்று அந்தக் குடும்பத்தார் வழக்காடி வந்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கவிதை பெரிதாகப் பிடிக்காது. தொப்பையைத் தாண்டி அதில் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு சிற்றூர்ப் பத்திரிகையின் பண்டிகைக்காலத் தாள் உலகத்துக்கே ஒரு தாத்தாவைக் கொடுத்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

கிறிஸ்டினா ரோசெட்டி லண்டன்காரர். கடுங்குளிர் காலத்துப் பிறப்பைப் பற்றிய அவருடைய கவிதை ‘ஸ்கிரிப்னர்ஸ் மந்த்லி’ என்ற அமெரிக்க மாத இதழில் 1872 ஜனவரியில் வந்தது. 1906இல் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் மெட்டமைத்த பிறகுதான் அது கோயில் பாட்டானது. அதைக் கேட்க ரோசெட்டி இல்லை, 1894இலேயே இறந்துவிட்டார்.

டி. எஸ். எலியட்டின் கதை எனக்கு இன்னும் வேண்டியது. ஃபேபர் பதிப்பகம் 1927இல் ‘ஏரியல் கவிதைகள்’ என்று ஒரு வரிசை தொடங்கியது. ஒரே ஒரு கவிதை, கூட ஒரு ஓவியம், மெல்லிய அட்டை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குப் பதிலாக வாங்கி அனுப்பலாம் என்பது ஏற்பாடு. நம் பார்வையில் சுத்தமான வியாபாரம். எலியட் அதே பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். முதலாளி கேட்டார், இவர் கீழ்த்திசை ஞானிகளின் பயணத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தார். கோயிலில் உட்கார்ந்து யோசித்ததை வீட்டுக்கு வந்து, அரை பாட்டில் ஜின்னைத் திறந்து வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குள் எழுதி முடித்துவிட்டதாக அவர் சொன்னதை ஒரு நண்பர் பதிவு செய்திருக்கிறார். தொடக்க வரிகள்கூட அவருடைய சரக்கு இல்லை. 1622 கிறிஸ்துமஸ் அன்று ஜேம்ஸ் மன்னர் முன்னால் லான்சலட் ஆண்ட்ரூஸ் செய்த பிரசங்கத்திலிருந்து எடுத்தது. 1925க்குப் பிறகு தன் கவிதை வற்றிவிட்டதாகவே எலியட் நினைத்திருந்தார். ஏரியல் வரிசைக்காக எழுதப்போய்த்தான் அடைப்பு விட்டது என்று பின்னாளில் அவரே சொன்னார். கேட்டு வாங்கியதால் ஒரு கவிஞர் மீண்டு வந்தார். இதை நம் பதிப்பாளர்கள் யாராவது சட்டம் போட்டு மாட்டிவைக்கலாம்.

அந்த ஏரியல் வரிசையின் முதல் கவிதை யாருடையது தெரியுமா? தாமஸ் ஹார்டி. அப்போது அவருக்கு 87 வயது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கவிதையை இல்லை, 12 வருடம் முன்னால் அவர் எழுதிய ‘மாடுகள்’ என்ற கவிதையை. லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் 1915 டிசம்பர் 24 அன்று வந்தது அது.

ஹார்டி பிறந்த டார்செட் பகுதியில் ஒரு நம்பிக்கை உண்டு. கிறிஸ்துமஸ் நள்ளிரவில், இயேசு பிறந்த நேரத்தில், தொழுவத்து மாடுகள் தாமாக முழங்கால் போடும் என்பார்கள். சின்ன வயதில் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் இதைச் சொன்னதையும், யாருமே சந்தேகப்படாமல் கேட்டதையும் ஹார்டி நினைத்துப் பார்க்கிறார். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் நம்புவார்கள் என்கிறார். ஆனாலும் இன்றிரவு ஒருவர் வந்து, வா, அந்தத் தொழுவத்தில் போய்ப் பார்க்கலாம் என்று கூப்பிட்டால், இருட்டில் அவரோடு நடந்துபோவேன், அது உண்மையாக இருந்துவிடாதா என்ற ஆசையோடு. கவிதை அவ்வளவுதான்.

இதே நம்பிக்கையை அவர் ஏற்கெனவே வேடிக்கையாகத் தொட்டிருக்கிறார். 1891இல் வந்த ‘டெஸ்’ நாவலில் ஒரு பால்பண்ணைக்காரர் கதை சொல்வார். துரத்திவந்த காளைக்கு முன்னால் ஒருவன் வயலினில் கிறிஸ்து பிறப்புப் பாட்டை வாசிக்க, காளை கிறிஸ்துமஸ் இரவு வந்துவிட்டதென்று ஏமாந்து முழங்கால் போட, அந்தச் சந்தில் அவன் வேலி தாண்டி ஓடுவான். ஹார்டியின் தாத்தா செல்லோ வாசித்தவர், அப்பா வயலின். ஸ்டின்ஸ்ஃபோர்டு கோயிலின் வாத்தியக் கோஷ்டியில் இருவரும் இருந்தார்கள். 1872இல் அவர் எழுதிய ஒரு நாவல், அப்படியொரு கோஷ்டி கிறிஸ்துமஸ் இரவில் வீடுவீடாகப் பாடப் போவதில் தொடங்கும். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கங்களில் நடுராத்திரி கதவைத் தட்டும் கேரல் ரவுண்ட்ஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அத்தியாயங்கள் அந்நியமாகவே இருக்காது.

1915இல் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஹார்டிக்கு 75 வயது. கடவுள் நம்பிக்கையை எப்போதோ இழந்தவர். சொத்துக்கு வாரிசாக்கலாம் என்று எண்ணியிருந்த ஓர் உறவுக்காரப் பையன் அந்த ஆகஸ்டில் முதல் உலகப் போரின் கலிப்போலி முனையில் செத்துப்போயிருந்தான். அந்தப் போர்முனையின் இரண்டு இடங்களிலிருந்து பிரிட்டிஷ் தரப்புப் படைகள் ராவோடு ராவாகப் பின்வாங்கியது டிசம்பர் 20இல். கவிதை வந்தது அதற்கு நாலாம் நாள். போர்ச் செய்திகளுக்கு நடுவே, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், நம்பிக்கை இழந்த ஒரு கிழவரின் சந்தேகத்தை ‘டைம்ஸ்’ அச்சடித்தது. நம் அலுவலகங்களில் இதைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், “நல்ல நாளும் அதுவுமா ஏன் சார் இது?” என்று திருப்பியிருப்பார்கள்.

உண்மையில் ஹார்டியின் கவிதையில் பக்தி கொஞ்சமும் குறையவில்லை என்பது என் கட்சி. நம்புகிறவர் எழுதும் வாழ்த்துப்பாவைவிட, நம்ப முடியாமல் தவிக்கிறவர் இருட்டில் எழுந்து நடக்கச் சம்மதிப்பதில் பண்டிகை அதிகம் இருக்கிறது. அந்தத் தவிப்பை வெளியிட ஓர் ஆசிரியருக்குத் துணிச்சல் வேண்டும், அவ்வளவுதான்.

துணிச்சல் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் கவிதைக்கு நேர்ந்ததே சாட்சி. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். அவருடைய மனைவி 1861இல் உடையில் தீப்பிடித்து இறந்தார். 1863 நவம்பரில் படையில் இருந்த மகன் குண்டடிபட்டுப் பிழைத்தான். கிறிஸ்துமஸ் மணியோசையைப் பீரங்கிச் சத்தம் விழுங்கிவிடுகிறது என்று லாங்ஃபெலோ எழுதிய கவிதை, 1865இல் சிறுவர் இதழ் ஒன்றில் வந்தது. கவனியுங்கள், சிறுவர் இதழில்! பின்னால் அதைக் கோயில் பாட்டாக்கியவர்கள் பீரங்கி வரும் பகுதிகளை நைசாக உருவிவிட்டார்கள். இப்போது பாடும்போது அதில் மணி மட்டும் அடிக்கிறது.

இங்கிலாந்துக்காரர் இப்படி, அமெரிக்கர் அப்படி என்று அளப்பதோடு நிறுத்த முடியாது. நம்மிடம் என்ன இருக்கிறது? முதலில் வீரமாமுனிவர். 1726இல் முடிந்த தேம்பாவணியில் 3,615 பாடல்கள். காவியத் தலைவர் சூசையப்பர், அங்கே அவர் பெயர் வளன். இத்தாலியிலிருந்து வந்த இந்தப் பாதிரியார், யூதேயா நாட்டை வருணிக்க வேண்டிய இடத்தில் கம்பரைப்போல் மழையில் தொடங்கி, நெல் வயலையும் தாமரையையும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். ரோசெட்டியின் பெத்லகேமில் இங்கிலாந்தின் பனி கொட்டுகிறது என்றால், இவருடைய யூதேயாவில் காவிரிப் பாசனம் நடக்கிறது. மரியாள் கருவுற்றதை அறிந்த வளனுக்கு வரும் ஐயத்துக்கு ஒரு படலம், அது தீர்வதற்கு இன்னொரு படலம். முந்நூறு வருடத்துக்கு முன்னால், ஒரு சேசுசபைத் துறவியே சந்தேகத்துக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார். 1800இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எழுதிய ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் குறத்தியே வந்து குறி சொல்கிறாள். இதையெல்லாம் செய்த மொழியில் இன்றைய கிறிஸ்துமஸ் கவிதை சவுக்குக் கிளையில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பத்திரிகைக்கு எழுதினால் கவிதை கெட்டுவிடும் என்பவர்களுக்குப் பதில் சொல்லப் பாரதி போதும். சுதேசமித்திரனிலும் ‘இந்தியா’விலும் வேலை பார்த்த மனிதர், பத்திரிகைப் பக்கங்களிலேயே பாட்டுகளை வெளியிட்டவர். இயேசுவைப் பற்றியும் எழுதினார். ஆனால் அது சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் பற்றியது, தொழுவம் அவர் கைக்கு வரவில்லை. எந்த ஆசிரியராவது ஒரு டிசம்பரில் அவரிடம் கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நம் டிசம்பரில் பனிப்பொழிவு கிடையாது. வடகிழக்குப் பருவமழையின் கடைசிச் சேறும், எந்த நேரமும் வரக்கூடிய புயலும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணி வந்திருந்தவர்களைக் கடல் வாரிக்கொண்டு போனது. இவற்றைப் பற்றித் தமிழில் எழுதப்படாமல் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் பக்கத்துக்குள் அவை நுழைந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தின் வாசலிலேயே நம்மவர்கள் செருப்போடு சேர்த்துத் துக்கத்தையும் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

மத உணர்வு புண்படும் என்று பயப்படுகிறவர்கள் மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் படிக்கலாம். ஞானிகள் பரிசு கொடுத்துவிட்டுப் போனதும் ஏரோது குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான். அதற்குள் குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு சூசையப்பரும் மரியாளும் அகதிகளாக எகிப்துக்கு ஓடிவிடுகிறார்கள். கொல்லப்பட்ட குழந்தைகளுக்காக டிசம்பர் 28ஐத் திருநாளாகவே வைத்திருக்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. திருச்சபைக்கு இல்லாத கூச்சம் செய்தி ஆசிரியர்களுக்கு எதற்கு? வாசகர்கள் மகிழ்ச்சியைத்தான் கேட்கிறார்கள் என்று விளம்பரப் பிரிவு சொல்லும். நல்ல கவிதை கிடைத்தால் வாசகர் கத்தரித்து வைத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரிந்த அனுபவம்.

ஆகவே இன்றைக்கு அந்த நாற்காலிகளில் இருப்பவர்களிடம் கேட்பது இதுதான். மூலையை அடைக்கத் தேடாமல், பக்கத்தின் தலையில் ஒரு இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டுக் கவிஞரைத் தேடுங்கள். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை, நம்புகிறவராகவும் இருக்க வேண்டியதில்லை. வந்த கவிதையில் சங்கடமான நாலு வரி இருந்தால் லாங்ஃபெலோவுக்குச் செய்ததைச் செய்யாதீர்கள். நீளம் ஒரு பிரச்சினையே இல்லை, ஹார்டிக்கு 16 வரி போதுமாக இருந்தது. தீபாவளி மலருக்கும் பொங்கல், ரம்ஜான் பக்கங்களுக்கும் இதே முறை செல்லும். டிசம்பர் முதல் வாரத்தில் போன் போட்டால் உருப்படியான யாரும் எழுதித் தரமாட்டார்கள். அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள், சன்மானம் எவ்வளவு என்பதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.