ஒரு வார்த்தை கேட்டால் போதுமா?

வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிறது. "பெரியப்பாவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்கிறார் யாரோ. கேட்பது மரியாதைக்கா, அனுமதிக்கா? பெரியப்பா 'வேண்டாம்' என்று சொல்லும்போதுதான் தெரியவரும்.

'கன்சல்டேஷன்' என்ற ஆங்கில வார்த்தையிலும் இதே சிக்கல். டாக்டரிடம் கன்சல்டேஷனுக்குப் போகிறவர் பீஸைக் கட்டிவிட்டு, எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்காமலே வீடு திரும்பலாம். ஜனாதிபதி அப்படித் திரும்ப முடியுமா?

தலைமை நீதிபதியுடன் 'கன்சல்டேஷன்' செய்த பிறகே உச்ச நீதிமன்ற நீதிபதிகளை ஜனாதிபதி நியமிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 124வது பிரிவு. தலைமை நீதிபதியின் சம்மதம் தேவை என்றே எழுதிவிடலாம் என்ற யோசனை அரசியல் நிர்ணய சபையில் வந்தது. 1949 மே மாதம் அம்பேத்கர் அதை ஏற்க மறுத்தார். தலைமை நீதிபதியும் குறைகளும் விருப்பு வெறுப்புகளும் உள்ள மனிதர்தான். அவரிடம் வீட்டோவைக் கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதம். சம்மதம் தேவைப்படும் இடத்தில் அரசியல் சட்டம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது. உச்ச நீதிமன்றத்துக்குத் தற்காலிக நீதிபதியை அழைக்க, 127வது பிரிவின்படி ஜனாதிபதியின் முன்சம்மதம் வேண்டும். சம்பந்தப்பட்ட உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியிடம் 'கன்சல்டேஷன்' போதும். ஒரே வாக்கியத்தில் இரண்டு வார்த்தைகள்.

அதன் பிறகு அர்த்தம் மாறிக்கொண்டே வந்தது. அரசு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கும்போது பப்ளிக் சர்வீஸ் கமிஷனைக் கேட்கத் தவறினாலும் உத்தரவு செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அது 1957ல். நீதிபதிகள் நியமனத்தில் தலைமை நீதிபதியைக் கேட்டே ஆகவேண்டும், ஆனால் அவர் சொல்லுக்கு அரசு கட்டுப்பட வேண்டியதில்லை என்றது 1981ல். ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த 1993 வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பு தலைகீழ்: தலைமை நீதிபதியின் கருத்தே மேலோங்கும். 'கன்சல்டேஷன்' கிட்டத்தட்ட 'சம்மதம்' ஆனது. 'கொலீஜியம்' பிறந்தது.

அகராதியைப் புரட்டி வந்த மாற்றமல்ல இது. 1973ல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராயைத் தலைமை நீதிபதியாக்கியது இந்திரா அரசு. 1977ல் எச்.ஆர். கன்னா ஓரங்கட்டப்பட்டார். அந்த அனுபவம் நீதிமன்றத்துக்கு மறக்கவில்லை.

நியமன முறையை மாற்ற 2014ல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்தியது. மறு வருடமே அது ரத்தானது.

ஆனால் நீதிமன்றத்தின் வெற்றி முழுமையானதல்ல. கொலீஜியம் பெயரை அனுப்புகிறது. அரசு மறுக்காமலே பைலை வைத்திருக்க முடிகிறது. கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தும் உயர் நீதிமன்ற நியமனங்களை மூன்று, நான்கு வாரங்களில் முடிக்க வேண்டும் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. அதற்குப் பிறகும் பைல்கள் தூங்கிய புகார்கள் நீதிமன்றத்துக்கு வந்தன.

பெரியப்பாவின் சம்மதம் கட்டாயம் என்றாகிவிட்டது. பத்திரிகை அடிப்பது மட்டும் இன்னும் மாப்பிள்ளை வீட்டார் கையில்.