இனிப்பா, காரமா? ரெண்டும்தான்!



பழத்திலோ சாக்லேட்டிலோ மிளகாயைப் போட்டேன் என்று சொன்னால் போதும், "ச்சீ, என்ன கண்றாவி இது" என்று முகத்தைச் சுளிக்கிறவங்க நம்ம வகுப்பிலேயே நிறைய பேர். அவங்ககிட்ட எனக்கு ஒரு கேள்வி. வாசலில் பாட்டி விற்கிற மாங்காய்க் கீற்றில் எதைத் தூவச் சொல்லிக் கையை நீட்டுறீங்க? உப்பும் மிளகாய்த்தூளும்தானே! கொய்யாவைப் பிளந்து நடுவில் அடைத்துத் தருவது என்ன? சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் வெல்லமும் போட்டு, தாளிக்கும்போது வரமிளகாயும் கிள்ளிப் போடுறாங்களே, அது இனிப்பா காரமா? அன்றைக்கு யாரும் இந்தக் கேள்வி கேட்பதில்லை. வழிச்சு வழிச்சுச் சாப்பிடுறோம்.

இதை நான் எழுதக் காரணம் போன மாதம் நடந்த அடுப்பில்லாச் சமையல் போட்டி. பேர் கொடுக்கும் தாளில் ரெண்டே பெட்டிதான்: இனிப்பு, காரம். என் தோழி செய்தது கொய்யாப்பழம். கெட்டித் தேங்காய்ப்பால் நாலு கரண்டி, கோகோ பொடி ரெண்டு கரண்டி, நாட்டுச் சர்க்கரை மூணு கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். எல்லாம் சின்னக் கரண்டி. கட்டியில்லாமல் குழைத்து, கொய்யாத் துண்டுகள் மேல் தடவி வைத்திருந்தாள். நடுவர்கள் ருசி பார்த்தாங்க. ஒருத்தர் ரெண்டாவது துண்டும் எடுத்தார், நான் பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன். ஆனா "இது எந்தப் பிரிவிலும் வராதேம்மா" என்று மார்க் போடாமலே தட்டை ஒதுக்கிட்டாங்க. பேரீச்சம்பழ உருண்டைக்கும் முளைகட்டிய பயறுக்கும் பரிசு கிடைத்தது. ரெண்டும் நல்லாத்தான் இருந்தது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. நல்லா இல்லை என்று சொல்லி மார்க் குறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெட்டி இல்லை என்பதற்காக ஒரு பண்டம் தோற்கலாமா?

அன்றைக்குச் சிலர் "இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம், நமக்கு எதுக்கு" என்றாங்க. அப்படிப் பார்த்தால் மிளகாயே வெளிநாடுதான்! அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததற்குப் பிறகு போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியது. அதுவரை நம்ம குழம்புக்குக் காரம் கொடுத்தது மிளகும் திப்பிலியும் இஞ்சியும். புதுசா வந்ததற்கு மிளகு பேரையே ஒட்டி மிளகாய் என்று வைத்துவிட்டார்கள். கொய்யாவும் அன்னாசியும்கூட அந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதான். ஆக, பாட்டி கூடையில் கொய்யாவும் மிளகாய்த்தூளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது என்றால், ஒரே ஊர்க்காரங்க ரெண்டு பேர் இங்கே வந்து சந்தித்த மாதிரி.

சாக்லேட் கதை இன்னும் நல்லா இருக்கும். மெக்சிகோவில் ஆஸ்டெக் மக்கள் கோகோ விதையை வறுத்து, நம்ம அம்மி மாதிரியான கல்லில் அரைத்து, தண்ணீரில் கலக்கிக் குடித்தாங்க. அதில் மிளகாய்த்தூளும் போடுவாங்க. நுரை வருவதற்கு ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றுவாங்களாம், நம்ம டீக்கடை அண்ணன் ஆற்றுவாரே, அதே மாதிரி! கரும்பு அந்தக் கண்டத்துக்குப் போனதே 1493-இல் கொலம்பஸ் இரண்டாவது தடவை போனபோதுதான். சாக்லேட்டில் சர்க்கரை சேர்ந்தது அதற்கும் பிறகு. அதனால் கோகோவோடு முதலில் சேர்ந்தது மிளகாய், பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான் சர்க்கரை. இப்பவும் அங்கே பூயெப்லா என்ற ஊரில் காய்ந்த மிளகாயையும் சாக்லேட்டையும் சேர்த்து அரைத்து 'மோலே' என்று ஒரு குழம்பு வைத்துக் கோழிக்கறி மேல் ஊற்றுகிறார்கள். தெருவில் மாம்பழத்தைச் சீவி உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு போட்டு விற்கிறார்கள். அங்கே முதலில் மாமரம் கிடையாது, ஆசியாவிலிருந்து போனது. நம்ம பக்கத்துப் பழம் அங்கே போய், அந்தப் பக்கத்து மிளகாய் இங்கே வந்து, ரெண்டு ஊர்க்காரங்களுக்கும் ஒரே புத்தி தோன்றியிருக்கு பாருங்க.

கோகோவும் இப்போ தூரத்துப் பொருள் இல்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக வளருது.

அறிவியலும் என் பக்கம்தான். காரம் என்பது நாக்கின் சுவையே கிடையாது. மிளகாயில் இருக்கிற கேப்சைசின், சூட்டை உணர்கிற நரம்பைத் தட்டிவிடுகிறது. அதனால்தான் ஆறிப்போன குழம்பும் சுடுகிற மாதிரி எரியுது. இது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். இனிப்பு நாக்குக்கு வேறு வழியில் தெரிகிறது. அப்படியிருக்க "இனிப்பா, காரமா" என்று கேட்பது "சிவப்பா, சூடா" என்று கேட்பது மாதிரி இல்லையா?

இன்னொன்று, கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். காரம் ஏறினால் தண்ணீரைவிடப் பால் குடித்தால் அடங்குவது அதனாலும்தான். என் தோழி தேங்காய்ப்பாலில் குழைத்ததில் காரம் எடுத்தவுடன் தெரியவில்லை. முதலில் கோகோவின் கசப்பு, அப்புறம் சர்க்கரை, விழுங்கினதுக்கு அப்புறம் தொண்டையில் மெதுவா ஒரு சூடு. எனக்கு அந்தக் கடைசிச் சூடுதான் பிடித்தது.

எல்லாப் பழத்துக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன். வாழைப்பழத்தில் போட்டுப் பார்த்தேன், வழவழவென்று ஒரு மாதிரி இருந்தது, வேண்டவே வேண்டாம். கொஞ்சமாவது புளிப்பு இருக்கிற பழம்தான் சரி. அன்னாசி முதலிடம், அப்புறம் செங்காய் மாங்காய், அப்புறம் கொய்யா. தூள் இல்லாமல் பச்சை மிளகாய் போடுகிறவங்க விதை ஒட்டியிருக்கிற வெள்ளைத் தண்டை எடுத்துடுங்க, அதிகக் காரம் அங்கேதான். மறந்துபோய் அந்தக் கையால் கண்ணைத் தொட்டுடாதீங்க.

என் ஆச்சி சொல்வது வேற. "இருக்கிற சாமானை வீணாக்காதடி." அது நியாயம். எங்க வீட்டில் வாங்குவதே அளவாத்தான். அதுக்குத்தான் அரைக் கொய்யாவில் செய்து பாருங்க என்கிறேன். நல்லா இல்லைன்னா போவது அரைக் கொய்யா. ஆச்சிக்கு ஒரு துண்டு கொடுத்தேன். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை, "இதில் கொஞ்சம் சுக்கு தட்டிப் போட்டா என்ன" என்று கேட்டாங்க.

அதனால் ஆசிரியர்களிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். அடுத்த போட்டித் தாளில் மூன்றாவதாக ஒரு பெட்டி போடுங்க. 'இனிப்புக் காரம்' என்று வைக்கலாம், வேற நல்ல பேர் தோன்றினாலும் சரி. பேர் கொடுக்க இப்பவே நாலு பேர் இருக்கோம். கோகோ பொடி பாக்கெட்டில் பாதி என் தோழியிடம் மீதி இருக்கு. பழம் மட்டும் கொண்டு வாங்க.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி